எல்லாவற்றையும் மாற்று

ஜனவரி 5, திங்கள்

அரைப் பரீட்சை லீவு முடிஞ்சு முதல் நாளே பொன்செல்வி மிஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புல குண்டு போட்டாங்க. ஆளுக்கு ஒரு கட்டற்ற மென்பொருளை எடுத்து, ஒரு மாசம் பயன்படுத்தி, நிறை குறையை எழுதிக் கொடுக்கணும். பத்து மார்க். "கட்டற்றதுன்னா என்ன, நம்பி?"ன்னாங்க. "கட்டணமும் கிடையாது, கட்டுப்பாடும் கிடையாது மிஸ். என்னை மாதிரி"ன்னேன். "நீ கட்டற்றது இல்ல, கட்டிப் போட வேண்டியது"ன்னாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு.

நான் எடுத்தது 'கிறுக்கல்'. குறிப்பு எழுதுற செயலி. உலகம் பூரா இருக்கிற சும்மா இருக்க முடியாத ஆளுங்க சேர்ந்து செஞ்சது. தினமும் இதுலயே நாட்குறிப்பு எழுதிட்டு, கடைசியில நல்ல வரிகளை மட்டும் வெட்டி மிஸ்ஸுக்குக் கொடுக்கிறதா திட்டம்.

நிறை: இந்த நோட்டுக்குப் பூட்டுப் போட முடியுது. எங்க வீட்டுல இருக்கிறது ஒரே லேப்டாப், அக்கா சங்கரகோமதி பள்ளிக்கூடத்துல படிச்சப்போ அரசாங்கம் கொடுத்தது. அதனால பூட்டு ரொம்ப அவசியம்.

இன்னொரு நிறை: பழைய செயலியிலிருந்து குறிப்புகளை அப்படியே இறக்கலாம். அக்கா வச்சிருந்த செயலி "இலவசக் காலம் முடிந்தது"ன்னு போன மாசமே கழுத்தைப் பிடிச்சிட்டு நின்னுச்சு. அவளோட மூணு வருஷக் குறிப்பையும் சாயங்காலம் நான்தான் கிறுக்கலுக்கு மாத்திக் கொடுத்தேன். ஒரு எழுத்து சிந்தல, சிதறல.

"ஏல, உனக்குக்கூட உருப்படியா ஒரு வேலை தெரியுதே"ன்னா.

"திருத்துறதுக்கு முந்தின பழைய வரலாற்றை எல்லாம் சேமிச்சு வைக்கவான்னு கேக்குது. லேப்டாப்ல இடம் இல்ல, வேண்டாம்னு போட்டுட்டேன்"னேன்.

"உனக்குத் தெரியும், பார்த்துச் செய்"னா. அக்கா என்னை நம்பிச் சொன்ன வரலாற்று வாக்கியம்.

ஜனவரி 6, செவ்வாய்

குறை: தமிழாக்கம். Save-க்கு 'காப்பாற்று'ன்னு போட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் யாரோ கிணத்துல விழுந்த மாதிரி பதறுது. Tag-க்கு 'வால் சேர்'. எனக்கு ஏற்கெனவே இருக்குன்னு அம்மா சொல்லுவா.

கோயில்பட்டி அத்தை வந்திருந்தாங்க. அவங்க மகன் இசக்கிராஜா அத்தானுக்கு அக்காவைக் கேட்டு இது நாலாவது நடை. அக்கா குரூப் டூ முதல்நிலைத் தேர்வு எழுதுறா, இது மூணாவது தடவை. போன தடவை ஒரே ஒரு கேள்வியில போச்சு. இந்தத் தடவை ஒழுங்கா எழுதணும்னு ஸ்கூல்ல பார்த்துட்டு இருந்த டீச்சர் வேலையையும் விட்டுட்டா. அப்பா பஸ் கண்டக்டர். பேச்சும் டிக்கெட் கிழிக்கிற மாதிரிதான். "பிப்ரவரி எட்டு பரீட்சை. இதுதான் கடைசி. இல்லேன்னா வைகாசியில கல்யாணம்"னு கிழிச்சுக் கொடுத்துட்டார்.

அத்தை போனதும் நான் அக்கா பக்கத்துல போய் "அத்தான்"னு மட்டும் மெதுவா சொன்னேன். பேனாவை எறிஞ்சா. குறி நல்லா இருக்கு, காவல்துறைத் தேர்வு எழுதலாம்.

ஜனவரி 9, வெள்ளி

கெமிஸ்ட்ரி பேப்பர் கொடுத்தாங்க. முப்பத்தொண்ணு. அதைப் புத்தக அட்டைக்குள்ள பத்திரமா அடக்கம் பண்ணி வச்சிருந்தேன். அக்கா தோண்டி எடுத்து அம்மாகிட்ட காட்டிட்டா.

அம்மா ஒரு மணி நேரம் விடல. "காய்ச்சல் வந்தா நூறு வாங்குத, கெமிஸ்ட்ரில முப்பத்தொண்ணால?" அம்மாவுக்கு இந்த வாய் எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியல. எனக்கு எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு.

அக்காமேல எனக்குக் கோபம் எல்லாம் கிடையாது. பதிவுக்காகச் சொல்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

நிறை: 'எல்லாவற்றையும் மாற்று' வசதி. ஒரு நோட்டு முழுக்க ஒரு சொல்லைத் தேடி, ஒரே அமுக்குல வேற சொல்லாக்கிடும். சோதிச்சுப் பார்த்தேன். தமிழ்ல ஒரு நுணுக்கம் இருக்கு. 'ஆளுநர்'னு தேடினா 'ஆளுநரை', 'ஆளுநருக்கு' எல்லாம் தப்பிச்சு ஓடிடும். கடைசிப் புள்ளியை விட்டுட்டு 'ஆளுநர'ன்னு தேடணும். மாத்திப் போடுற சொல்லுக்கும் புள்ளி வைக்கக் கூடாது. அப்போ வால் எல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல. ஆளுநர் 188 இடம். முதலமைச்சர் 159 இடம். மொத்தமே நாலு நொடி.

அக்கா டெஸ்ட் பேட்சுல மாதிரித் தேர்வு எழுதப் போயிருக்கா. ஏழு மணிக்கு வருவா.

ஜனவரி 12, திங்கள்

சரி, எழுதிடுறேன். அக்காவோட 'அரசியலமைப்பு' நோட்டுல ஆளுநரை எல்லாம் அத்தான் ஆக்கினேன். அது தனியா நல்லா இல்லை. அதனால முதலமைச்சரையும் அத்தான் ஆக்கினேன். அக்கா காலையில நோட்டைத் திறக்கணும், கத்தணும், நான் சிரிக்கணும், அப்புறம் திருப்பி மாத்திக் கொடுக்கணும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அவ திறந்தா. நான் பல் தேய்ச்சுக்கிட்டே கதவோரம் நின்னேன். திரையில இப்படி இருந்துச்சு:

"அத்தானை நியமிப்பவர் அத்தான். அத்தான், அத்தானின் ஆலோசனைப்படி செயல்படுவார். அத்தான் பதவி விலகினால் கடிதத்தை அத்தானிடம் அளிப்பார்."

எனக்கு நுரை மூக்குல ஏறிடுச்சு. அக்கா கத்தவே இல்லை. பக்கத்தை மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டே இருந்தா. முகம் வெளுத்துப்போச்சு. "ஏல நம்பி... இங்க வாயேன். லேப்டாப்புக்கு என்னமோ ஆயிட்டு"ன்னா.

அந்தக் குரல்ல எனக்குச் சிரிப்பு வரல. "தள்ளு, நான் பார்க்குதேன்"னு வாங்கி, திருப்பி மாத்துற பெட்டியைத் திறந்தேன். 'அத்தான' என்பதைத் தேடு. எதா மாத்த?

ஆளுநராவா? முதலமைச்சராவா?

347 அத்தான் வரிசையா நிக்கிறாங்க. யாரு எந்த வீட்டு அத்தான்னு செயலிக்குத் தெரியாது. 'முந்தைய நிலை' பொத்தானை அமுக்கினேன். செயலியை மூடித் திறந்தாச்சுன்னா அது வேலை செய்யாதாம். நேத்து நான்தான் மூடினேன். பழைய வரலாறு? அதைத்தான் வேண்டாம்னு போட்டேனே.

"என்னாச்சுல?"

"செயலியில ஏதோ பிழைக்கா."

வாய் தானா சொல்லிடுச்சு.

"நான் எதையும் தப்பா அமுக்கிட்டேனா?"

"தெரியலக்கா. இருக்கலாம்."

கடைசி வார்த்தையை ஏன் சேர்த்தேன்னு இப்பவும் புரியல.

ஜனவரி 13, செவ்வாய்

குறை: புகார் சொல்ல ஆபீஸ் கிடையாது, போன் நம்பர் கிடையாது. ஒரு பொதுப் பக்கம் இருக்கு. அதுல பிழையை எழுதணும், உலகமே படிக்கும், யாருக்கு மனசு வருதோ அவங்க பதில் சொல்லுவாங்க. அக்கா பின்னாடியே நின்னுக்கிட்டு "போடுல, போடுல"ன்னதால போட்டேன்:

"உங்கள் செயலி என் அக்காவின் அரசியலமைப்பைத் தானாகவே மாற்றிவிட்டது. எல்லா இடத்திலும் ஆளுநரும் முதலமைச்சரும் 'அத்தான்' ஆகிவிட்டார்கள்; அத்தானை, அத்தானிடம் என்று. தேர்வுக்கு இருபத்தாறு நாள்களே உள்ளன. அவசரம்."

'தானாகவே'ன்னு எழுதும்போது விரல் கொஞ்சம் தயங்குச்சு. இலக்கணம் சரியான்னு யோசிச்சிருக்கும்.

ஜனவரி 14, புதன், போகி

பதில் வந்திருக்கு. வாகீசன்னு ஒருத்தர், யாழ்ப்பாணம். பகல்ல ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்துல வேலையாம். சாயங்காலத்துல சம்பளம் இல்லாம இதைப் பார்த்துக்கிறார்.

"வணக்கம் தம்பி. உங்கட அக்காவுக்கு இப்பிடி நடந்ததுக்குச் சரியான கவலையாக் கிடக்கு. இது எங்கட பிழையெண்டால் நாங்கதான் திருத்த வேணும். 'மாற்றப் பதிவு' எண்டு ஒரு கோப்பு உங்கட கணினியில இருக்கும். அதை எனக்கு அனுப்பிவிடுங்கோ. பயப்பிட வேண்டாம் எண்டு அக்காவிட்டச் சொல்லுங்கோ."

அந்தக் கோப்பைத் தேடித் திறந்தேன். முதல் வரியே: ஜனவரி 11, மாலை 4.10, பயனர் கட்டளை, எல்லாவற்றையும் மாற்று. அதுக்குக் கீழே எண்ணும் எழுத்துமா பக்கம் பக்கமா ஓடுச்சு. நான் முதல் வரியைத் தாண்டிப் படிக்கல. அக்கா ஞாயித்துக்கிழமை நாலு பத்துக்கு வீட்டுலயே இல்லைங்கிறது அக்காவுக்குத் தெரியும்.

அழிச்சுட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணியாச்சு. போகிதானே, வேண்டாததைக் கழிக்கிற நாள்.

அவருக்கு: "அந்தக் கோப்பு இல்லை அண்ணா. அதுவும் பிழையாக இருக்கலாம்."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கிச்சு. எனக்கு இறங்கல.

ஜனவரி 16, வெள்ளி

அக்காகிட்ட "நான் ஒவ்வொண்ணாப் பார்த்துத் திருத்தித் தாறேன், ரெண்டு நாள் கொடு"ன்னேன். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தைப் பரணிலேருந்து இறக்கினேன். பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே அதைப் பார்த்து "இனி நமக்குள்ள ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லியிருந்தேன்.

பிரச்சினை என்னன்னா, பாதி வரியில ரெண்டு பேருல யாரை வச்சாலும் வரி நல்லாத்தான் இருக்கு. "அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் அத்தான்." இது முதலமைச்சர், சரி. "சட்டமன்றத்தைக் கூட்டுபவர் அத்தான்." யாருப்பா நீ? புத்தகத்துல இருந்தா உண்டு. இல்லேன்னா இணையத்துல துழாவணும். அங்க ஆளுக்கொண்ணு சொல்றான்.

இன்னிக்கு 120 பேரை வீட்டுல சேர்த்தேன். கை ரெண்டும் கழண்டுபோச்சு. கிறுக்கல்ல அடுத்த இடத்துக்குத் தாவ ஒரு குறுக்குவிசை கிடையாது; ஒவ்வொரு தடவையும் எலியைப் பிடிச்சு இழுக்கணும். குறை, குறை, குறை.

ஜனவரி 18, ஞாயிறு

முடிஞ்சுது. எண்ணிப் பார்த்தேன். ஆளுநர் 181, முதலமைச்சர் 166.

இருக்க வேண்டியது 188, 159.

அதாவது குறைஞ்சபட்சம் ஏழு ஆளுநர் முதலமைச்சர் வேஷத்துல உள்ள நிக்கிறாங்க. எங்கேன்னு தெரியாது. கடைசி அறுபது எழுபதுல கண்ணு சொக்கி, தோணினதைப் போட்டேன். 188க்கு 181ன்னா நூத்துக்குத் தொண்ணூத்தாறு. என் கெமிஸ்ட்ரியைவிட நல்ல மார்க்.

அக்காகிட்ட கொடுத்தேன். ஏழைப் பத்திச் சொல்லல. "ஏல, மூணு நாளா பொங்கல் லீவுல விளையாடக்கூடப் போகாம எனக்காக உக்காந்தியே"ன்னு சொல்லிட்டு, அவ பங்குக் கரும்புல இருந்து ஒரு துண்டை ஒடிச்சுக் கொடுத்தா.

கரும்பு கசக்காது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஜனவரி 20, செவ்வாய்

அக்கா சத்தம் போட்டுப் படிக்கிறா. நான் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுக் கெமிஸ்ட்ரி படிச்சேன். அம்மா நெத்தியைத் தொட்டுப் பார்த்தா.

ஜனவரி 22, வியாழன்

வாகீசன் அண்ணன் திரும்ப எழுதியிருக்கார். மூணு நாள் சாயங்காலம் உக்காந்து, மூணு கணினியில அந்தப் பிழையை வரவழைக்கப் பார்த்தாராம். வரலையாம். இல்லாத ஒண்ணு எப்படிண்ணே வரும்?

கடைசிப் பத்தியை ரெண்டு தடவை படிச்சேன்.

"தம்பி, இன்னுமொருக்கா அந்த மாற்றப் பதிவைத் தேடிப் பாருங்கோ. நான் ஏன் திருப்பித் திருப்பிக் கேக்கிறன் எண்டால், எந்த இடத்தில எந்தச் சொல் முதல் இருந்தது எண்டு ஒவ்வொண்டையும் அது எழுதி வைக்கும். அது மட்டும் கிடைச்சால் பத்து நிமிசத்தில எல்லாத்தையும் பழையபடி ஆக்கித் தந்திடுவன்."

எண்ணும் எழுத்துமா பக்கம் பக்கமா ஓடுச்சே. அதுதான்.

ஜனவரி 23, வெள்ளி

அழிச்ச கோப்பை மீட்கிற நாலு மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். ஒண்ணு, 2019ல அக்கா எடுத்த ஒரு பூனைப் படத்தை மீட்டுக் கொடுத்துச்சு. பூனை என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

டெஸ்ட் பேட்சிலிருந்து அக்கா சீக்கிரமே வந்துட்டா. செருப்பைக்கூடக் கழட்டாம நாற்காலியில உக்காந்தா. அரசியலமைப்புப் பகுதியில இருபத்தஞ்சுக்குப் பதினெட்டு. அவ எப்பவும் இருபத்தஞ்சு, இல்லேன்னா இருபத்துநாலு.

"சட்டமன்றத்தைக் கூட்டுறது யாருன்னு கேக்கான். நான் முதலமைச்சர்னு போட்டிருக்கேன் நம்பி. மூணு வருசமாப் படிக்கேன். எல்கேஜி பிள்ளைகூட சொல்லும்."

"எல்கேஜி பிள்ளை சொல்லாதுக்கா."

"சிரிப்பு மூட்டாத. எனக்கு மூளை மழுங்கிட்டுல. அன்னிக்கு லேப்டாப்லயும் நான்தான் எதையோ அமுக்கித் தொலைச்சிருக்கேன். இப்போ படிச்சதும் நிக்க மாட்டேங்கு."

அடுப்படிக்குப் போய் அம்மாகிட்ட பேசினா. எனக்குக் கேக்கணும்னே சத்தமாப் பேசல, ஆனா வீடு சின்னது. "அப்பாட்ட சொல்லிரும்மா. நான் இந்தத் தடவை எழுதல. கோயில்பட்டிக்குச் சரின்னு சொல்லட்டும்."

அம்மா குழம்பை இறக்கி வச்சா. அப்புறம், "நாளைக்கு மதியம் டூட்டி முடிஞ்சு அப்பா வரட்டும்"னா.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள்னு தலைமையாசிரியர் மைக்ல சொல்றார், நான் தலையைக் குனிஞ்சு நிக்கிறேன். பின்னாடி நின்னவன் "என்னல, கொடி மேல போகுது, உன் தலை கீழ போகுது"ன்னான்.

கொடுத்த மிட்டாயோட வீட்டுக்கு ஓடினேன். பதினோரு மணி. அப்பா ரெண்டு மணிக்கு வருவார்.

அக்கா புத்தகங்களை எல்லாம் அட்டைப்பெட்டியில அடுக்கிக்கிட்டு இருந்தா.

"அக்கா, உன் மூளை எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"சரி, போல."

"அந்த அத்தான்... நான்தான். ஞாயித்துக்கிழமை, நீ டெஸ்டுக்குப் போயிருக்கும்போது. பிழை எல்லாம் கிடையாது."

அவ கையில இருந்த புத்தகத்தைக் கீழ வைக்கல, பெட்டியிலயும் வைக்கல.

"ஏன்ல?"

"சும்மா. விளையாட்டுக்கு."

"கெமிஸ்ட்ரி பேப்பரைக் காட்டினதுக்கா?"

நான் மிட்டாயைப் பையில போட்டேன்.

"நான் அமுக்கினேனான்னு உங்கிட்ட கேட்டேன். இருக்கலாம்னு சொன்ன."

"ஆமா."

"ரெண்டு வாரமா நான் பைத்தியம் மாதிரி..." அவ நிறுத்திட்டா. "நீ திருத்திக் கொடுத்ததுல தப்பு இருக்கா?"

"ஏழு. குறைஞ்சது ஏழு."

"எங்க?"

"தெரியாதுக்கா."

"தெரிஞ்சேதான் கொடுத்தியா?"

அடிப்பான்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "நான் திரும்ப எல்லாத்தையும் புத்தகத்தோட வச்சு ஒப்பிட்டு, சரியாத் திருத்தி..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நீ திருத்துனதை நான் எப்படில நம்புவேன்? அதுல எது நான் எழுதுனது, எது நீ எழுதுனது? ஏழு தப்புன்னா அந்த ஏழு போச்சுன்னு விடலாம். எங்கேன்னு தெரியாதுன்னா மொத்தமும் போச்சு."

அப்பா வந்தார். அக்கா வாசலுக்கே போய், "பரீட்சை எழுதுதேன்ப்பா. நேத்து அம்மாட்ட சொன்னதை விட்டுருங்க"ன்னா. என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அதுல எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு. அப்படி இருந்ததுல கொஞ்சம் கேவலமாவும் இருந்துச்சு.

ஜனவரி 27, செவ்வாய்

அக்கா அந்த நோட்டுக்குப் பேரை மாத்தி 'தொடாதே'ன்னு வச்சிருக்கா. பாடநூல்களை வச்சு, பேப்பர்ல கையால, முதல் வரியிலிருந்து திரும்ப எழுதுறா. பன்னிரண்டு நாள் இருக்கு.

எங்கிட்ட பேசல. உப்பு வேணும்னாக்கூட அம்மா வழியாத்தான் வருது. ஆளுநர் மாதிரி அம்மா கையெழுத்துப் போட்டு அனுப்புறா.

ஜனவரி 29, வியாழன்

புகார்ப் பக்கத்துல எழுதினேன். உலகமே படிக்கும்னு முன்னாடி குறையாச் சொன்ன அதே பக்கம்.

"பிழை செயலியில் இல்லை. நான்தான் 'எல்லாவற்றையும் மாற்று' என்பதை அழுத்தினேன். பதிவுக் கோப்பையும் நான்தான் அழித்தேன். மூன்று நாள் உங்களை இல்லாத ஒன்றைத் தேட வைத்ததற்கு மன்னிக்கவும். – நம்பிராஜன், பாளையங்கோட்டை."

சாயங்காலம் பதில் வந்துச்சு.

"தம்பி, மூண்டாம் நாளே எனக்கு விளங்கிட்டுது. ரெண்டு சொல் மட்டும் அவ்வளவு வடிவா, வேற்றுமையெல்லாம் பொருந்தி மாறுற பிழை உலகத்தில இல்லை. அண்டைக்குக் கோப்பை மட்டும் தந்திருந்தால் ஒண்டும் கேட்டிருக்க மாட்டன். அக்கா சோதினைக்குப் படிக்கட்டும், நீர் அவவைக் குழப்பாமல் இரும். இதை மூடுறன்."

பிழை எண் 2214: மூடப்பட்டது. காரணம்: பயனர்.

பிப்ரவரி 4, புதன்

மிஸ்ஸுக்கு நிறை குறை எழுதிக் கொடுத்தாச்சு. நிறையில, "நாம் சொன்னதை அப்படியே செய்யும்"னு எழுதினேன். குறையிலயும் அதையேதான் எழுதினேன். மிஸ் ரெண்டையும் வட்டம் போட்டு, "ஒரே வரியை ரெண்டு தடவை எழுதிப் பக்கத்தை நிரப்புறியா?"ன்னு கேட்டாங்க. ஆறு மார்க். நான் வாதாடல. வகுப்பே திரும்பிப் பார்த்துச்சு.

பிப்ரவரி 8, ஞாயிறு

பரீட்சை. அப்பா டூட்டியில இருந்தார், அதனால மையம் வரைக்கும் துணைக்கு நான்தான். பஸ்ல அவ ஜன்னலோரம், நான் ரெண்டு சீட்டு தள்ளி. இறங்கும்போது "தண்ணி பாட்டில்"ன்னா. பதிமூணு நாள்ல நேரா எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. கொடுத்தேன்.

வெளிய வரும்போது முகத்துல எதுவும் தெரியல. நான் கேக்கல. கேட்கிற உரிமையும் 'தொடாதே'வுக்குள்ள போயிடுச்சு.

பிப்ரவரி 14, சனி

தற்காலிக விடைக்குறிப்பு வந்துடுச்சு. அக்கா வினாத்தாளை விரிச்சு வச்சு ஒவ்வொண்ணா டிக் போட்டா. அம்மா பக்கத்துல உக்காந்து, ஒண்ணும் புரியாட்டியும் ஒவ்வொரு டிக்குக்கும் தலையாட்டினா. மொத்தத்துல போன வருஷ எல்லைக்கோட்டைவிட மூணு கேள்வி கூட வருது. இந்த வருஷக் கோடு எங்க விழும்னு யாருக்கும் தெரியாது. ரிசல்ட் வர மாசக்கணக்காகும்.

அரசியலமைப்புல ஒண்ணே ஒண்ணு தப்பு. மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரை நியமிப்பவர் யார்? அக்கா போட்டது முதலமைச்சர். விடை ஆளுநர்.

"இது எனக்கே தெரியாதும்மா. முன்னாடியும் குழப்பிக்குவேன்"னா. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னா.

அவ கோயிலுக்குப் போனதும் 'தொடாதே'வைத் திறந்து பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான், தொடல. பதினாலாவது பக்கம். "மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரை நியமிப்பவர் முதலமைச்சர்." திருத்திய தேதி ஜனவரி 18.

ஏழுல ஒருத்தர் கிடைச்சுட்டார்.

மூடி வச்சுட்டா யாருக்கும் தெரியாது. அக்காவே "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லியாச்சு. லேப்டாப்பை மூடினேன். திரும்பத் திறந்தேன். மூடினேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில அக்கா துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா. லேப்டாப்பைத் திறந்தபடியே மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன்.

"அந்த வழக்கறிஞர் கேள்வி. அது நான் போட்டதுக்கா. இந்தா, பதினாலாம் பக்கம்."

அவ பார்க்கக்கூட இல்லை. பாவாடையை உதறிக் கொடியில போட்டா.

"தெரியும்."

"நேத்து அம்மாட்ட..."

"அம்மாட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" கிளிப்பை வாயிலிருந்து எடுத்தா. "ஹால்லயே தெரிஞ்சுதுல. ரெண்டு வரியும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. ஒண்ணு நான் எழுதினது, ஒண்ணு நீ எழுதினது. ரெண்டும் ஒரே எழுத்து, ஒரே திரை. எது யாருதுன்னு மட்டும் தெரியல. அஞ்சு நிமிசம் அதுலயே போச்சு."

நான் லேப்டாப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வெயில்ல திரையில ஒண்ணும் தெரியல. மன்னிப்புக் கேட்டேனான்னு ஞாபகம் இல்லை. கேட்டிருப்பேன்.

"இதை நீ சொல்லாம விட்டிருந்தா தெரிஞ்சிருக்காதுன்னு நினைச்சியா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குச் சொன்ன?"

லேப்டாப்பை மூடி அக்குள்ல இடுக்கிக்கிட்டேன். அவ மீதித் துணியை என் தோள்மேல போட்டுட்டு, "காயப்போடு"ன்னுட்டுக் கீழ இறங்கிட்டா.

பிப்ரவரி 17, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்து கிறுக்கலைத் திறந்தா ஒரு அறிவிப்பு.

"சங்கரகோமதி உங்களுடன் ஒரு நோட்டைப் பகிர்ந்துள்ளார். பெயர்: முதன்மைத் தேர்வு. உங்கள் அனுமதி: வாசிக்க மட்டும்."

இப்படி ஒரு அனுமதி இந்தச் செயலியில இருக்குன்னே எனக்குத் தெரியாது. அக்கா குறிப்புகளை இதுல ஏத்தின அன்னிக்கு எனக்கு நானே முழு அனுமதி போட்டுக்கிட்டேன்.

ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அடுத்த பரீட்சைக்கு எழுத ஆரம்பிச்சுட்டா. மூணு பக்கம் இருந்துச்சு. முழுசா வாசிச்சேன். ரெண்டாம் பக்கத்துல சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் வச்ச வருஷம் 1996ன்னு இருந்துச்சு. 1969. விரல் தானா அங்க போய் நின்னுச்சு. அமுக்கினேன். எழுத்து அசையல.

எழுந்து அடுத்த அறைக்குப் போனேன். "ரெண்டாம் பக்கம், அக்கா. வருசம் மாறிக் கிடக்கு. அறுபத்தொன்பது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தா. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தா, பக்கத்தைப் புரட்டினா, அந்த வரியில விரலை வச்சு ரெண்டு தடவை படிச்சா. அதுக்கப்புறம்தான் திருத்தினா.